குட்டி யானையில் போகும் வகுப்பு: ஊர் பிளாஸ்டிக்கை ஊர் வேலையாக்க ஒரு வழிகாட்டி

"ஊரில் பிளாஸ்டிக் மறுசுழற்சி தொடங்கலாம் என்று இருக்கிறோம். எந்த மெஷின் வாங்கலாம்?" பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள், வார்டு உறுப்பினர்கள், படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மெஷினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், ஒரு தராசு வாங்குங்கள்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலையைச் செய்து பழகியவன் நான். இந்தத் தொழிலில் சம்பளம் கொடுப்பது மெஷின் இல்லை, சுத்தமாகப் பிரிந்து வருகிற சரக்கு. அந்தச் சரக்கு வீட்டு வாசலிலேயே உருவாகிறது. அதனால் ஊர் ஊராகப் போய் எடுக்கிற வகுப்பை விழிப்புணர்வுப் பிரச்சாரமாக நினைக்காதீர்கள். கொள்முதலின் முதல் படியே அதுதான்.

தராசோடு ஒரு வாரம்

பத்து வீடு, ஒரு டீக்கடை, ஒரு பெட்டிக்கடை போதும். ஆளுக்கொரு சாக்கு கொடுத்து, ஒரு வாரம் விழுகிற பிளாஸ்டிக் அத்தனையையும் அதில் போடச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, வகை பிரித்து, எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்.

செய்து பார்த்தால்தான் இது புரியும்: கண்ணுக்கு மலை மாதிரி தெரிவது தராசில் ஒன்றுமே இல்லை. அரை லிட்டர் பால் கவர் ஒன்று இரண்டரை, மூன்று கிராம்தான். ஒரு கிலோ சேர 350, 400 கவர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக 20, 25 கிராம் இருக்கும். நாற்பது ஐம்பது பாட்டில் சேர்ந்தால்தான் ஒரு கிலோ, அதற்குள் பெரிய சாக்கு நிறைந்துவிடும். வண்டி வாடகையில் பெரும்பங்கு காற்றை ஏற்றி இறக்கத்தான் போகிறது. ஒரு ஊரின் சரக்கை மட்டும் நம்பி இறங்கினால் ஏன் கட்டாது என்பது இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பக்கத்து ஊராட்சிகளோடு இப்போதே பேச ஆரம்பியுங்கள்.

வாங்குகிறவரை முதலில் பாருங்கள்

விற்க இடம் தெரியாமல் ஒரு சாக்குகூடச் சேர்க்காதீர்கள். முதலில் உங்கள் ஊர்ப் பக்கத்துக் காயலான் கடைக்குப் போங்கள். அவர் எதிரி இல்லை, உங்கள் முதல் வாத்தியார். அங்கே எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது, எதைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். எது விலைபோகும் என்று அந்த மூலைகளே சொல்லும். அங்கிருந்து நகரத்தில் உள்ள குடோன், அதற்கப்புறம் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, சின்ன மணிகளாக, அதாவது குருணையாக்கும் ஆலை என்று ஒவ்வொரு படியாக ஏறிப் போய்ப் பாருங்கள்.

எங்கே போனாலும் கேட்க வேண்டியவை: பாட்டிலில் மூடியும் லேபிளும் இருக்கலாமா, கழற்ற வேண்டுமா? நிறம் பிரிக்க வேண்டுமா? ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள்? குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவார்கள்? பணம் கையிலா, பத்து நாள் கழித்தா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு வாரச் சம்பளம் அதிலிருந்துதான் போகவேண்டும்.

விலை நிலையாக இருக்காது. கச்சா எண்ணெய் இறங்கினால் புது பிளாஸ்டிக் மலிவாகும், அந்தச் சூட்டோடு பழையதின் விலையும் விழும். இரண்டு மாதச் சம்பளத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்காமல் யாரையும் வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

வகை தெரிவது

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட்; தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். 2 எச்டி, ஷாம்பு பாட்டில், பினாயில் கேன். 3 பிவிசி, குழாய், மாத்திரை அட்டை, ஃப்ளெக்ஸ் பேனரின் மேல்பூச்சு. 4 எல்டி, பால் கவர். 5 பிபி, ஹோட்டல் பார்சல் டப்பா, பிளாஸ்டிக் நாற்காலி, அரிசிச் சாக்கு. 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோலும் இதுதான். மற்றதெல்லாம் 7.

ஆனால் பிரிக்கிற மேசையில் வேகமாக வேலை பார்க்கும்போது யாரும் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பாதிப் பொருளில் எண்ணே இருக்காது. கைதான் சொல்ல வேண்டும். கவரைக் கசக்கினால் சத்தமில்லாமல் மெத்தென்று அடங்குவது எல்டி. மெல்லியதாக இருந்தும் சலசலவென்று சத்தம் போடும் கேரி பேக் எச்எம், அதுவும் எச்டி ஜாதிதான். சட்டை மடித்து வருகிற கண்ணாடி மாதிரிக் கவர் மொறுமொறுவென்று இருந்தால் பிபி. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னினால் அது சிப்ஸ் கவர் ஜாதி, பல அடுக்கு. அதற்குத் தனிச் சாக்கு.

சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணீர். துண்டு நறுக்கி, காற்றுக்குமிழி ஒட்டாமல் விரலால் முக்கிவிட்டுப் பாருங்கள். எல்டி, எச்டி, பிபி மூன்றும் மிதக்கும். பெட்டும் பிவிசியும் மூழ்கும். லைட்டரால் கொளுத்தி வாசனை பிடித்து வகை சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. அவர்கள் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலை அரிக்கிற புகை அது.

பெட்டையும் பிவிசியையும் சேர்த்துவிடக் கூடாது என்று எல்லா ஆலைக்காரர்களும் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. பெட் உருக ஏறக்குறைய 250, 260 டிகிரி சூடு வேண்டும். பிவிசி அந்தச் சூட்டைத் தாங்காது, அதற்கு முன்பே கருகிப்போகும். கொஞ்சம் கலந்தாலும் போதும், மொத்தக் குருணையிலும் கறுப்புப் புள்ளி விழும். இரண்டும் தண்ணீரில் மூழ்குவதால் வாளியும் உங்களைக் காப்பாற்றாது. கண்ணும் கையும்தான் காப்பாற்ற வேண்டும்.

வண்டி எடுத்துப் போகும் வகுப்பு

எங்கள் வகுப்பறை ஒரு குட்டி யானை, அந்தச் சின்ன சரக்கு வண்டிதான். சொந்த வண்டி வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் வாடகைக்குப் பேசினாலே போதும். பின்பலகையை இறக்கினால் அதுதான் மேசை. அதில் எங்களிடம் எப்போதும் இருப்பவை: தொங்கு தராசு, இரண்டு வாளி, கத்தரிக்கோல், வகைக்கு ஒன்றாகக் கண்ணாடி ஜாடியில் குருணை, அந்தக் குருணையில் செய்த ஒரு பக்கெட், அப்புறம் காலிச் சாக்குகள். படம் போட்ட பேனர் கொண்டுபோகாதீர்கள். பேனரை யாரும் படிப்பதில்லை, அதுவும் ஃப்ளெக்ஸாக இருந்தால் நீங்களே பிவிசி கொண்டுவந்த கணக்கு.

எங்கே நிறுத்துவது? ஜனம் ஏற்கெனவே காத்திருக்கும் இடத்தில். சாமான் போடுகிற நாளில் ரேஷன் கடை. நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பள்ளியில் காலை வழிபாடு முடிந்த கையோடு. தனியாகக் கூட்டம் போட்டு "வாருங்கள்" என்றால் வருகிற பத்துப் பேரும் ஏற்கெனவே பிரித்துக் கொடுக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு பொருள் மட்டும். பால் கவரிலிருந்து தொடங்குவது நல்லது. எல்லா வீட்டிலும் இருக்கிறது, விலையும் உண்டு. நாம் கவரின் மூலையை முழுசாக நறுக்கிவிடுகிறோம் இல்லையா? அந்தச் சின்ன முக்கோணம் அடுப்படியிலிருந்து சாக்கடைக்கும், அங்கிருந்து கண்மாய்க்கும் போய்விடும். அதைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. அதனால் மூலையை முழுக்க வெட்டாமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்க, கீறல் மாதிரி விடச் சொல்கிறோம். பாலை ஊற்றியதும் அந்தக் கவருக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பால் பாத்திரத்திலேயே ஊற்றச் சொல்கிறோம். கவர் சுத்தம், ஒரு சொட்டுப் பாலும் வீணில்லை. கொடியில் கிளிப் போட்டு மாட்டினால் வெயிலில் காய்ந்துவிடும். "அட, இதைத்தானே எங்க அம்மா செய்யும்" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அந்த அம்மாவைப் பற்றி அவரையே பேசவிடுங்கள். நீங்கள் பேசுவதைவிட அது நன்றாக எடுபடும்.

பள்ளிக்கூடத்தில் வாளிச் சோதனை. பாட்டிலையும் அதன் மூடியையும் நறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு அடியில் போகும், மூடி மிதக்கும். "ரெண்டும் பிளாஸ்டிக்தானே சார், ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு வென்றது. அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளை வீட்டில் அதைச் செய்து காட்டியிருக்கும்.

வகுப்பும் வசூலும் ஒரே நாளில், ஒரே வண்டியில் இருக்க வேண்டும். செவ்வாய் என்றால் எல்லா வாரமும் செவ்வாய். இரண்டு வாரம் வண்டி வராவிட்டால் மூன்றாவது வாரம் சாக்கு அடுப்பெரிக்கப் போய்விடும். திரும்ப நம்பவைக்க மாதக்கணக்காகும்.

பரிசு, குலுக்கல், கிலோவுக்கு அரிசி மாதிரி விஷயங்களில் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாள் கூட்டம் வரும், எங்கிருந்தோ பொறுக்கிய ஈரக் குப்பையும் சேர்ந்து வரும், பரிசு நின்றதும் எல்லாம் நின்றுவிடும். சரக்குக்கு உரிய விலையைத் தராசில் காட்டிக் கொடுங்கள், அல்லது பள்ளி, கோயில், மகளிர் குழு என்று அவர்கள் சொல்லும் கணக்கில் வரவு வையுங்கள். அது நிற்கும்.

இன்னொன்றையும் வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. "எங்களிடம் கொடுங்கள், அதனால் தாராளமாக வாங்குங்கள்" என்ற எண்ணம் யார் மனதிலும் வரக் கூடாது. வண்டியில் நாலு மஞ்சப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பட்ட பாடு

பெட் பாட்டில் முதன்முதலாக ஒரு லோடு சேர்ந்தது. அத்தனை பேரும் நின்று ஏற்றி அனுப்பினோம். வாங்குகிற இடத்தில் ஒரு கட்டைப் பிரித்து நாலு பாட்டிலைக் கத்தியால் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே சாக்லேட் தாள், பாக்குப் பொட்டலம், மாத்திரை அட்டை. லோடு அப்படியே திரும்பி வந்தது. போக வர வாடகை எங்கள் தலையில்.

யார் செய்த வேலை என்று தேடினால், நாங்கள் செய்ததுதான். அதற்கு ஆறு மாதம் முன்பு பள்ளிகளில் "மிட்டாய்த் தாளையெல்லாம் காலிப் பாட்டிலில் திணித்துச் செங்கல் மாதிரி ஆக்குங்கள்" என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். கேட்க நன்றாக இருந்தது. பிள்ளைகள் சொன்னதை அப்படியே செய்தார்கள். விலைபோகிற பாட்டிலையும் விலைபோகாத தாளையும் இனிப் பிரிக்கவே முடியாதபடி ஒன்றாக்க நாங்களே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அந்த லோடை ஒவ்வொரு பாட்டிலாகக் கிழித்துச் சுத்தம் செய்தவர்கள் எங்கள் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்த பெண்கள். அன்றிலிருந்து வகுப்பில் என்ன சொல்கிறோம் என்பதை முதலில் அவர்களிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் வண்டி கிளம்புகிறது.

கொட்டகையும் ஆட்களும்

இடத்தைப் புதிதாகத் தேட வேண்டாம். பல ஊராட்சிகளில் குப்பை பிரிக்கும் கொட்டகை ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள், சில ஊரில் பூட்டிக் கிடக்கும். 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தப் பொறுப்பைக் கிராம ஊராட்சிக்கும் கொடுத்திருக்கின்றன. தலைவரிடம் அதைச் சொல்லி, கொட்டகையைப் பயன்படுத்த ஊராட்சித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை அடுத்த தேர்தல் வரைதான்.

தூய்மைக் காவலர்களைத் தாண்டி எதையும் செய்யாதீர்கள். காலையில் தெருவில் வண்டி தள்ளுவது அவர்கள்தான். உங்கள் திட்டம் அவர்கள் தலையில் இன்னொரு சுமையாக விழுந்தால் ஒரே மாதத்தில் படுத்துவிடும். பிரித்த சரக்கு விற்ற பணத்தில் அவர்களுக்கும் பங்கு என்று முதல் நாளே எழுத்தில் வையுங்கள். அதேபோல, சைக்கிளில் "பழைய பேப்பர், பிளாஸ்டிக்" என்று கூவிக்கொண்டு வருகிற அண்ணனும், சாக்குப் பையோடு ரோட்டோரம் பொறுக்குகிற பாட்டியும் உங்களுக்கு முன்பே இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அவர்கள் பிழைப்பைப் பறித்துவிட்டு வேலைவாய்ப்பு உருவாக்கினோம் என்று சொல்ல முடியாது. முதல் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். வகை தெரிந்த கை அவர்களுடையது.

சம்பளத்தைக் கிலோ கணக்கில் வைக்கலாமா, நாள் கணக்கிலா? நான் நாள்கூலியின் பக்கம். கிலோவுக்கு இவ்வளவு என்றால் கை வேகமாகப் போகும், பிரிப்பு கெடும். நமக்கு வேண்டியது சுத்தம்.

உட்கார்ந்து பிரிக்கவிடாதீர்கள். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முழங்கால் போய்விடும். இடுப்பு உயரத்தில் மேசை, மேலே வெளிச்சம், காற்று வர இரண்டு பக்கம் திறப்பு. கையுறை, மாஸ்க், காலுக்குச் செருப்பு போதாது, ஷூ. வேலையில் சேர்க்கும்போதே டிடி ஊசி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊசி, பிளேடு, டயபர், நாப்கின் எது வந்தாலும் தொடாமல் இடுக்கியால் எடுத்துத் தனி மூடிவாளியில். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அடுத்த செவ்வாய் அந்தத் தெருவில் வகுப்பே அதைப் பற்றித்தான். கோபப்படாமல் சொன்னால் கேட்கிறார்கள்.

தீயை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் குவியலில் பிடித்த நெருப்பைப் பக்கெட் தண்ணீரால் அணைக்க முடியாது. கொட்டகைக்குள் பீடி, அடுப்பு, தொங்குகிற ஒயர் கூடாது. கட்டுகளுக்கு நடுவே ஆள் நடக்க வழி, வாசலில் மணல், தீயணைப்பான்.

இனி மெஷின்

ஆறு மாதம் தொடர்ந்து சரக்கு வந்து, வாங்குகிறவர் நிலைத்த பிறகு முதலில் வாங்க வேண்டியது பேலிங் பிரஸ். பாட்டிலையும் கவரையும் அழுத்திக் கட்டாக்கும். காற்றுக்குக் கொடுக்கும் வாடகை குறையும், கொட்டகையில் இடம் மிஞ்சும். அரைக்கும் மெஷின் அடுத்தது. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும், பிளேடு தீட்ட ஆள் வேண்டும், சத்தத்தை அக்கம்பக்கம் பொறுக்க வேண்டும். உருக்கி வார்க்கும் வேலைக்கு அவசரப்படாதீர்கள். அந்தப் புகைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அரைத்தாலும் உருக்கினாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பற்றி மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு: தூய்மை பாரத இயக்கத்தின் கிராமப்புறப் பிரிவில், இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை வழி வைத்திருந்தார்கள். இப்போது என்ன இருக்கிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். உங்கள் ஒன்றியத்தில் ஏற்கெனவே அலகு இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் கட்டுகளை அங்கே கொண்டுபோகலாம். குழுவாகக் கடன் வாங்க ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு இருக்கிறது.

விலைபோகாத சாக்கு

எவ்வளவு பிரித்தாலும் ஒரு மூலையில் ஒரு குவியல் மிஞ்சும். சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட். பல அடுக்கை ஒட்டிச் செய்த இவற்றை மறுபடி பிரிக்க முடியாது. இவை சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போகின்றன. அரியலூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு இப்படிச் சரக்கு போவது உண்டு. பணம் வராது, சில சமயம் வண்டிச் செலவு நம்முடையது. அந்தச் செலவை ஊராட்சியோ ஒன்றியமோ ஏற்கும்படி முன்னமே பேசிவையுங்கள்.

சுத்தமான மெல்லிய கவர்களுக்கு இன்னொரு வழி சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் அது கல்லைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் தார் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களே கவர்களைத் துருவி ஊரகச் சாலைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் சாலை டெண்டர் வரும் சமயத்தில் பொறியாளரைப் பார்த்துக் கேளுங்கள். இங்கேயும் பிவிசி ஒரு துண்டுகூடக் கூடாது.

மாதம் ஒரு முறை கணக்கை வண்டியிலேயே சத்தமாகப் படியுங்கள். எத்தனை கிலோ வந்தது, எது எவ்வளவுக்கு விற்றது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தப் பள்ளிக் கணக்கில் எவ்வளவு. கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

வகுப்பை யார் எடுப்பது என்பதையும் மெல்ல மாற்றுங்கள். இப்போது எங்கள் வண்டியில் நான் பேசுவதில்லை. கொட்டகை மேசையில் மூன்று வருடமாகப் பிரிக்கிற ஒரு அக்கா பேசுகிறார், அதற்குத் தனிக் கூலி உண்டு. போன செவ்வாய் ரேஷன் கடை வாசலில் ஒருத்தர், "இவ்வளவு மெனக்கெடணுமா தாயி?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒரு பால் கவரின் மூலையில் கீறி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். அந்தச் சின்ன முக்கோணம் விழாமல் கவரோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.